வளையாத அச்சு

புது அச்சை வரவழைத்து மூன்று வாரம் கழித்துத்தான், பழைய அச்சு வளையவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அது வளைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இந்த வட்டாரத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரி மாதம், கூப்பர் ஏரி உறைந்து கிடந்தபோது அதன் மேல் நடந்த பந்தயத்தில், மூன்றாவது வளைவில் ரெய்னோ சால்மி என் வண்டியின் வலது பின்சக்கரத்தில் இடித்துத் தள்ளினான். என் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பந்தயச் சங்கம் ரெய்னோவை ஆயுளுக்கும் தள்ளி வைத்தது. அவனுடைய தங்கை ஆய்லா, அதாவது என் மனைவி, அன்றிலிருந்து சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அந்தப் பின்சக்கர அச்சுக்கு நேராக இருக்க என்ன உரிமை இருக்கிறது?

நான் எல்மர் கங்காஸ். கவுண்டி சாலைகளில் முப்பத்தொரு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். வயது அறுபத்து நான்கு. ஆய்லா போய் மூன்று வருஷமாகிறது. அவள் போன பிறகு வீடு எனக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டது. இத்தனைக்கும் இரண்டே அறைதான். நவம்பரில் விழ ஆரம்பிக்கும் பனி ஏப்ரல் வரைக்கும் ஜன்னலை மறைத்துக்கொண்டு கிடக்கும். தபால்காரனைப் பார்த்துக் கை ஆட்டினால் அன்றைய பேச்சு முடிந்தது. கடையில் ரொட்டி வாங்கப் போய் என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்டபோதுதான், நான்கு நாளாக வாயைத் திறக்கவில்லை என்று உறைத்தது.

அந்த வாரம்தான் கொட்டகைக்குப் போய் வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன்.

சிவப்பு ஹோண்டா. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மூன்றும் காற்றடைத்த பெருத்த சக்கரங்கள். மணலிலும் சேற்றிலும் பனியிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஆளைக் கவிழ்க்கிறது, கொல்கிறது என்று ஊரெல்லாம் கூச்சலாகி, கம்பெனிகள் இந்த வண்டி செய்வதையே நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது. கவிழ்க்கத்தான் செய்யும். ஓட்டத் தெரியாதவனை எதுதான் கவிழ்க்காது? எண்பத்தைந்து அக்டோபரில் நானும் ரெய்னோவும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வண்டி வாங்கினோம். அவன் என் மச்சான் மட்டுமில்லை. பதினாறு வயதிலிருந்து என் கூட்டாளி. அவன் வீட்டுச் சவ்னாவில் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுச் சவ்னாவில் மறு சனிக்கிழமை. சூடான கல்லில் நீரூற்றி, கொதிக்கும் ஆவியில் வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்து, உலகத்தில் ஒருத்தரையும் விடாமல் கிண்டலடிப்போம். விபத்துக்குப் பிறகு ஆய்லா அந்த வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளச் சொல்லி, "இது என் கண்ணுல படக் கூடாது" என்றாள். விற்கவும் விடவில்லை.

பழுது பார்க்க இரண்டு குளிர்காலம் பிடித்தது. காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. பெட்ரோல் டாங்கில் வினிகரையும் ஒரு கை நட்டுகளையும் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கக் குலுக்கித் துருவை எடுத்தேன். பேரிங் மாற்றும்போது, என்ஜின் கூட்டை அடுப்பு ஓவனில் சூடாக்க வேண்டும், புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைக்க வேண்டும். அப்போதுதான் தட்டாமல் கொட்டாமல் உள்ளே போய் உட்காரும். ஆய்லா இருந்திருந்தால் அவள் ரொட்டி சுடும் ஓவனில் எண்ணெய் நாறும் இரும்பை வைத்ததற்கு என்னைத்தான் முதலில் சுட்டிருப்பாள். ஃப்ரீசரில் அவள் கடைசியாகப் பறித்து வைத்த ப்ளூபெரி ஒரு பை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் பேரிங்கை வைத்துவிட்டு, திட்டு விழுமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். விழவில்லை.

வளைந்த அச்சை வைத்து ஓட்ட முடியாதே, அதனால்தான் புது அச்சுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இந்தக் காலத்தில் அது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. ஓஹையோவில் ஒருத்தர் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தார். அது வந்து சேர்ந்த பிறகு, பழையதைக் கழற்றித் துடைத்து, எவ்வளவு வளைந்திருக்கிறது பார்ப்போம் என்று சமையலறை மேஜையில் உருட்டினேன். ஆய்லாவின் மேஜை, கண்ணாடி மாதிரி மட்டமானது. வளைந்த அச்சை உருட்டினால் சுற்றுக்கு ஒரு தரம் மேஜையில் தட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிப் போகும்.

இது நொண்டவில்லை. சத்தமே இல்லாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், சர்க்கரை டப்பாவில் முட்டி நின்றது. திருப்பி உருட்டினேன். பத்துத் தடவைக்கு மேல் உருட்டியிருப்பேன். முட்டாள்தனம்தான், உருட்ட உருட்ட வளைந்துவிடுமா என்ன?

கொட்டகைக்குப் போய் வலது பக்கத்தை விளக்கடித்துப் பார்த்தேன். அடிபட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யத்தானே இத்தனை வேலையும்? அடிபட்ட இடம் கிடைக்கவில்லை. வலது மட்கார்டில் தூசிக்கு அடியில் கடையில் வாங்கின பளபளப்பு அப்படியே இருந்தது. சக்கர விளிம்பில் ஒரு கீறல் கிடையாது. பிறகு இடது சக்கரத்தைக் கழற்றினேன். விளிம்புக்கும் நடுக்குடத்துக்கும் நடுவே ஏதோ செருகிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தேன். பூட்ஸ் பக்கிள். ஆஸ்பத்திரியில் என் இடது பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் நான்கு பக்கிளுக்கு மூன்றுதான் இருந்தது. நான்காவது இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறது.

கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு சக்கர வண்டியில் பனிமேல் பந்தயம் ஓட்டுகிறவன், இடப்பக்க வளைவில் இடது காலைக் கீழே வைத்து, இரும்பு லாடம் அடித்த பூட்ஸைப் பனியில் தேய்த்துக்கொண்டு திரும்புவான். நானும் ஒன்பது குளிர்காலம் அப்படி ஓட்டியவன்தான். மூன்று சக்கரத்தில் அதைச் செய்யவே கூடாது. கால் கீழே போன மறுநொடி, பின்னால் வருகிற சக்கரம் குதிகாலில் ஏறி ஆளையே கீழே இழுத்துக்கொள்ளும். பனியைக் கவ்விப் பிடிக்க டயர் முழுக்கத் திருகாணி வேறு, ஒரு சக்கரத்துக்கு அறுநூறு. புதிதாக ஓட்ட வருகிற ஒவ்வொருத்தனுக்கும் கரையிலிருந்து "காலத் தூக்குடா, மடையா!" என்று கத்திக் கத்தியே இந்த ஏரியில் நான் பேர் வாங்கினவன். அப்படிப்பட்டவன் காலை வைத்திருக்கிறான்.

பொய் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. திருகாணிகள் கிளப்புகிற பனித்தூளில் பின்னால் வருகிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. என்னை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கண் விழித்தபோது ஆய்லா கட்டில் ஓரத்தில் இருந்தாள். "ரெய்னோ இடிச்சானா?" என்று கேட்டாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள். ரெய்னோவின் வண்டி வலப்புறப் பனிக்கரையில் செருகிக் கிடந்ததாம். இடிக்காதவன் எதற்குப் போய்க் கரையில் செருகிக்கொள்வான்? நான் "ஆமாம்" என்றேன். காலை வைத்தேன் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. கட்டிலில் ஒரு தடவை, ஏரியில் ஒரு தடவை சொன்னேன். அப்புறம் ஊரே எனக்குத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிவிட்டேன்.

ஆய்லாவின் அடக்கத்தன்று ரெய்னோ சர்ச்சுக்குள் வரவில்லை. எதிரே சாலையோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை. பக்கிளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து டார்லா போன் செய்தாள். சங்கத்தின் செயலாளர், பெயர்ப் பதிவிலிருந்து காபி ஊற்றுவது வரை எல்லாம் அவள்தான்.

"எல்மரண்ணே, சேதி கேட்டியா? மூணு சக்கரப் போட்டி இந்த வருஷம் கிடையாது போலிருக்கு."

"ஏன்? யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். பேரு குடுத்தது நீயும் ஜெரோமும் மட்டும்தான். ரூல் தெரியுமில்ல, கோட்டுல மூணு வண்டியாவது நிக்கணும்."

"போன வருஷம் நாலு பேரு ஓட்டினாங்களே?"

"ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு மாத்தியிருக்கு. இன்னொருத்தரு வண்டிய அவரு சம்சாரம் வித்துட்டா. மூணாவது ஆளு ஃபுளோரிடாவுல போயி வெயில் காயிறாரு. இந்த வருஷம் ஓடலைன்னா போட்டியையே பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க."

"மூணாவது வண்டிக்கு நான் எங்க போறது?"

"எங்க இருக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா புகார் குடுத்தவன் வாபஸ் வாங்காம அந்த ஆளு ஏரியில கால் வைக்க முடியாது. உன் புகார்தானே அது?"

எனக்கு வேண்டியது பந்தயம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்த பிறகு தெரிந்துவிட்டது, பந்தயமாவது மண்ணாவது. ஆய்லாவைப் பல் விழுந்த சின்னப் பெண்ணாகப் பார்த்த மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். அவன் பதினோரு மைல் தள்ளி, என்னைப் போலவே தனியாக உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவன் வேண்டும். என் எதிரில் உட்கார்ந்து அவன் என்னைத் திட்டினால்கூடப் போதும்.

போனேன். ரெய்னோ கூரைமேல் ஏறி நின்று பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயதில் தனி ஆளாகக் கூரையில் ஏறுகிற புத்தி அவனுக்குத்தான் வரும். என் வண்டியைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு வாரல் என் தொப்பிமேலேயே விழுந்தது. அது தவறி விழுந்ததில்லை.

"என்ன வேணும்?"

"அச்சு வளையல, ரெய்னோ."

"எந்த அச்சு?"

"என் வண்டி அச்சு. பிரிச்சுப் பார்த்துட்டேன். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்ல." தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டேன். "நான் காலை வச்சுட்டேன்."

"தெரியும்" என்றான். மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றான். "உனக்கு நேர் பின்னாடி வந்தவன் நான். உன் கால் கீழ இறங்குனத இந்தக் கண்ணால பார்த்தேன். ஒரு வருஷம் ஒவ்வொருத்தன்கிட்டயா சொன்னேன். ஒருத்தன் காதுல ஏறல. அப்புறம் சொல்றத விட்டுட்டேன்."

"எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

அவன் கூரை விளிம்புக்கு வந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"இப்பதானா?" என்றான். "இப்பதானா, எல்மர்?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஆய்லாகிட்ட சொன்னியா?"

"அவ போயி மூணு வருஷம் ஆச்சு, ரெய்னோ."

"எனக்குத் தெரியாதா அது? நான்தான் ரோட்டுல நின்னேனே." மறுபடியும் பனியை வாரத் தொடங்கினான். "சரி, எதுக்கு வந்த? மன்னிப்புக் கேக்கவா, மூணாவது ஆளு புடிக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"ஒரே நடையில ரெண்டு வேலை. பெட்ரோல் மிச்சம்" என்றான். "போயி ஏரியில சொல்லு. எங்கிட்ட சொன்னத அங்க சொல்லு, மைக்குல. அப்புறம் பாக்கலாம்." வீட்டுக்குள் வா என்று சொல்லவில்லை. அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து காபி வாசனைகூட வந்தது, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தய நாள் காலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பனிமேல் வட்டமாகக் கூட வேண்டும். யார்மேலாவது புகார் என்றால் அங்கே வட்டத்தின் நடுவில் நின்று, ஒலிபெருக்கியில், எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் எழுதிக் கொடுக்கிற புகாரை எடுக்க மாட்டார்கள். வாபஸ் வாங்குவதும் அதே இடத்தில், அதே மாதிரிதான். எண்பத்தாறில் கட்டுப் போட்ட காலோடு என்னை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை நானே நடந்து போனேன். பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. அறுபது எழுபது பேர். மைக்கின்மேல் என் மூச்சு பட்டு வெள்ளையாக உறைந்தது.

"எண்பத்தாறுல ரெய்னோ சால்மி என்னை இடிச்சான்னு சொன்னேன்" என்றேன். "அவன் இடிக்கல. நான் காலைக் கீழ வச்சேன். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் சிரித்தார். "நீயா? ஊருக்கெல்லாம் காலத் தூக்குன்னு தொண்டை கிழியக் கத்துவியே, நீயா வச்ச?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. மற்றவர்கள் சிரிக்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி அவரவர் வண்டிக்குப் போனார்கள். அவர்களிலும் முப்பத்திரண்டு வருஷம் ரெய்னோவுக்கு வணக்கம் சொல்லாதவர்கள் உண்டு, அவர்களும் எதையோ யோசித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள். டார்லா பழைய பதிவேட்டைத் திறந்து ஒரு வரியை அடித்தாள். எனக்குக் காபி ஊற்றவில்லை. மறந்திருக்கலாம்.

ஏரிக்குள் வண்டிகள் இறங்குகிற சரிவின் உச்சியில் ஒரு நீல பிக்கப் என்ஜினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு அது மெதுவாகப் பனிமேல் இறங்கி வந்தது. ரெய்னோ பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்து, வண்டியை இறக்கினான். அதே சிவப்பு. அதே வருஷம். டயரில் திருகாணிகள் மட்டும் புத்தம் புதிதாக மின்னின. ஒருவர்கூட உதவிக்குப் போகவில்லை. நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். அவன் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

கோட்டில் மூன்று வண்டி நின்றன. ஆறு சுற்று. ஜெரோம் பக்கத்து ஊர் ஆள், எங்களைவிட இருபது வயது சின்னவன். கொடி விழுந்ததும் அம்பு மாதிரி போய்விட்டான், பந்தயம் முடிகிறவரை அவன் முதுகைத்தான் பார்த்தோம். அவனுக்குப் பின்னால் ரெய்னோ. ரெய்னோவுக்குப் பின்னால் நான்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் சுற்றில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ஜின் அலறுகிறது. எரிகிற எண்ணெய் வாசனை ஹெல்மெட்டுக்குள் ஏறுகிறது. முகத்தில் பனித்தூள் ஊசியாகக் குத்துகிறது. எனக்கு முன்னால் ரெய்னோவின் அகலமான முதுகு, வளைவுக்கு வளைவு உட்புறமாகச் சாய்ந்து எழுகிறது. முப்பத்திரண்டு வருஷம் எங்கேயும் போகாமல் இந்த ஏரியிலேயே சுற்றிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது சுற்றில், மூன்றாவது வளைவில், என் இடது கால் கால்மிதியை விட்டு எழும்பியது. என்னைக் கேட்காமலே எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை டாங்கோடு அழுத்திப் பிடித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அது கீழே போகப் பார்த்தது. அறுபத்து நான்கு வயதிலும் அந்தக் காலுக்குப் புத்தி வரவில்லை.

நான்காவது சுற்றில்தான் ரெய்னோவின் வலது பின்சக்கரத்தைப் பார்த்தேன். ஆடியது. லேசான ஆட்டமில்லை. சுற்றுக்கு ஒரு தரம் வெளியே தள்ளி உள்ளே வந்தது. அதைச் சமாளிக்க அவன் உடம்பை எந்நேரமும் இடப்பக்கம் போட்டுக்கொண்டே ஓட்டினான். நேர்ப்பாதையில் அவனைத் தாண்ட எனக்கு இடம் இருந்தது. தாண்டவில்லை. அந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை பின்னாலேயே போனேன். அச்சு வளைந்திருந்தது, அவனுடையது.

பந்தயம் முடிந்ததும் ஜெரோம் கையைத் தூக்கிக் கூவினான். கரையிலிருந்து இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் நேரே ரெய்னோவிடம் போனேன். அவன் வண்டியைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"உன் அச்சு வளைஞ்சிருக்கு, ரெய்னோ."

"ஆமா."

"எப்போ வளைஞ்சது?"

வண்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் பதில் சொன்னான். "நீ எனக்கு முன்னாடி குப்புற விழுந்து கிடந்த. பிரேக்கெல்லாம் இந்தப் பனியில எங்க புடிக்கும்? அப்படியே போயிருந்தா ரெண்டு சக்கரமும் உன் தலை மேலதான் ஏறியிருக்கும். வலது பக்கம் ஒடிச்சேன். கரையில போய் விழுந்தேன்."

நான் அவன் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இடிச்சிருந்தா முன்சக்கரம்தானே நசுங்கியிருக்கணும்?" என்றான். "என் முன்சக்கரத்துல அடி இல்ல. பின்னாடி வலது பக்கம்தான் அடி. வந்து பாருங்கடான்னேன். சங்கத்துக்காரனுங்க ஒருத்தன் வரல. ஆய்லாவுக்கு லெட்டர் போட்டேன், ஒரு தடவை வந்து வண்டிய மட்டும் பாத்துட்டுப் போம்மான்னு. லெட்டர் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. அவ வருவாளோ என்னவோன்னுதான் சரி பண்ணாமலே வச்சிருந்தேன்."

அந்தக் கடிதம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பியது நான்தான். கை மட்டும்தான் ஆய்லாவுடையது.

"எங்கிட்ட ஒரு புது அச்சு இருக்கு" என்றேன். "பெட்டிகூடப் பிரிக்கல. உனக்கு அப்படியே பொருந்தும்."

"வேண்டாம். வளைஞ்சதுலயே ஓட்டிப் பழகிட்டேன்."

"மச்சான்..." அந்த வார்த்தை எனக்கே புதிதாகக் கேட்டது. "சனிக்கிழமை சவ்னா போட்டு வைக்கிறேன். வா."

"போடு" என்றான். "உன் விறகுதானே." கதவைச் சாத்திக்கொண்டு சரிவில் ஏறிப் போனான்.

அந்தச் சனிக்கிழமை சவ்னா போட்டேன். இரண்டு துண்டு எடுத்து வைத்தேன். கல் பழுத்து, நானும் வெந்து, விறகும் தீர்ந்தது. யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். நான் ரோஷக்காரன்தான், மூன்று சனிக்கிழமைக்குமேல் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். தாங்கினேன். வேறு என்ன வேலை எனக்கு?

மார்ச் மாதம் அச்சுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டுப் படியில் வைத்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தட்டவில்லை. பதினோரு மைலும் அவன் அதைத் தூக்கிச் சாலையில் எறிவான் என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் ஏரியின் பனி உடைந்தது. நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது முற்றத்துச் சேற்றில் பிக்கப் சக்கரத்தின் தடம் இருந்தது. வந்து, திரும்பிப் போன தடம். படியில் சாக்கில் சுற்றி ஒரு நீளமான பொருள். சீட்டு எதுவும் இல்லை. பிரித்தேன். ரெய்னோவின் பழைய அச்சு. துருவைத் துடைத்து, எண்ணெய் பூசியிருந்தான்.

சமையலறைக்குக் கொண்டு போய் ஆய்லாவின் மேஜைமேல் வைத்து உருட்டினேன். டக், டக், டக் என்று நொண்டிக்கொண்டு போனது. பாதி மேஜையைத் தாண்டவில்லை. அவள் உட்காரும் பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது.

"நான் காலை வச்சுட்டேன், ஆய்லா" என்றேன். "உங்கண்ணன் என்னை இடிக்கல. என் மேல ஏறிடக் கூடாதுன்னு போய்க் கரையில விழுந்தான். வந்து பாருன்னு கூப்பிட்டானாமே."

நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அழுதேன். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

அன்று சனிக்கிழமை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ச் சவ்னாவுக்கு விறகு எடுத்து வைத்தேன். திரும்பி வந்து அச்சை இன்னொரு தரம் உருட்டினேன்.